ஒட்டுக்குரல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் சுந்தரவேல், இடது கையைத் தலையணைமேல் வைத்தபடி. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த கை அது. யாரும் இடித்துவிடக் கூடாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் மனைவி மங்கையர்க்கரசி. எதிர்ச் சுவரை ஒட்டி மாடிக்குப் போகும் படிக்கட்டு. அதன் மூன்றாவது படியில் சுந்தரவேலின் தம்பி ஜெயபாலன். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான் என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அவனுக்குச் சற்று மேலே, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி வாசுகி நின்றாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது ஆள், நகராட்சியின் கணினிச் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்திருந்த ஷகிலா. அவள் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், படிக்கட்டின் அடியில் சுவரோடு பதித்திருந்த பெட்டிக்கு எதிரே.

பெட்டி என்று அந்த வீட்டில் சொன்னது குடும்பக் கணினியை. ஒரு வீட்டுக்கு ஒரு கணினி என்று ஆனபிறகு, ரேஷன், மின்சாரம், ஆஸ்பத்திரித் தேதி, பென்ஷன் எல்லாமே அதன் வழியாகத்தான் நடந்தன. திரை கிடையாது. பேசினால் கேட்கும், கேட்டால் பேசும். யாராவது இன்னொருவருக்கு ஒரு சேதி சொல்லி வைத்தால், அவர் வரும்போது சொன்னவருடைய குரலிலேயே அதைச் சேர்ப்பிக்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாத வீடுகளுக்காகக் கொண்டுவந்த வசதி அது.

அருப்புக்கோட்டையில் இந்த வீட்டுக்கு அந்த வசதி வேறு விதத்தில் பயன்பட்டது. மாடி யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் வழக்கு. அப்பா கட்டிய வீடு, ஆகையால் மாடி தனக்கு என்றான் ஜெயபாலன். கீழ்த்தளம்தான் அப்பா கட்டியது, மாடி தன் சம்பாத்தியம் என்றார் சுந்தரவேல். தீர்ப்பு வரும்வரை வீட்டில் எதையும் பிரிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, கொல்லைக் கதவு ஆகியவற்றோடு பெட்டியும் அந்தத் தடைக்குள் வந்தது. கீழும் மேலும் ஒரே பெட்டி. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காயிற்று. பெண்கள் கொஞ்ச நாள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கொல்லைக் கதவை மங்கையர்க்கரசிதான் பூட்டினாள் என்று வாசுகி பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாளே, அதோடு அதுவும் நின்றது.

முன்பெல்லாம் இப்படிப் பேச்சுவார்த்தை நின்ற வீடுகளில் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள், இல்லாவிட்டால் குழந்தையிடம் சொல்லி அனுப்புவார்கள். இவர்கள் பெட்டியிடம் சொன்னார்கள். "மாடியில சொல்லு, மோட்டரை நிறுத்தச் சொல்லி." "கீழ சொல்லு, தபால் வந்திருக்கு." சொன்ன சேதி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சரிபார்த்ததில்லை. சரிபார்க்க வேண்டுமென்றால் நேரில் கேட்க வேண்டும். நேரில் முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர்.

சந்தேகம் வந்தது மங்கையர்க்கரசிக்குத்தான். ஒரு காலையில் வாசுகியின் குரலில் பெட்டி ஒரு சேதி சொல்லிற்று. மோட்டரைச் சாயங்காலம் தான் போட்டுக்கொள்வதாகவும், அக்காவின் முழங்கால் வலிக்கு மயில்வாகனம் மார்க் நல்லெண்ணெய் கைகண்டது என்றும். வாசுகியின் பிறந்த வீட்டில் கடலை எண்ணெய் தவிர வேறெதுவும் சட்டி ஏறாது. கல்யாணமாகி வந்த புதிதில் நல்லெண்ணெய் வாடைக்கு மூக்கைச் சுளித்தவள். அவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள் என்று மங்கையர்க்கரசிக்குப் பட்டது. கொசு மருந்து அடிக்கக் கூப்பிடுவதுபோல நகராட்சிக்குத் தகவல் சொன்னாள். எண்ணெய்தானே, அடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தாள்.

வந்த ஷகிலா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாலு பேரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஆகும் என்றாள். மாடியில் சொல்லச் சொல்லி மங்கையர்க்கரசி பெட்டியின் பக்கம் திரும்பப் போனாள். ஷகிலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதுகிட்டச் சொல்லாதீங்கம்மா. நோயாளியக் கொண்டே மருந்து வாங்கியாரச் சொல்ற மாதிரி இருக்கு. நானே மேல போய்க் கூப்பிடுறேன்."

அப்படித்தான் நாலு பேரும் கூடினார்கள்.

ஷகிலா முதலில் விஷயத்தை விளக்கினாள். அந்தக் காலத்து விளம்பர வைரஸ் திரையில் குதித்து வரும், எரிச்சலோடு மூடிவிட்டுப் போய்விடலாம். இப்போது திரையை யார் பார்க்கிறார்கள்? அதனால் அது வீட்டு மனிதர்களின் குரலுக்குள் புகுந்துகொண்டது. அந்நியன் சொன்னால் வாங்காத பொருளைக் கூடப்பிறந்தவன் சொன்னால் வாங்குவார்கள் அல்லவா?

"எல்லா வீட்டுலயும் இது நிக்காதுங்க," என்றாள். "ராத்திரிச் சாப்பாட்டுல ஒருத்தர், ஏம்ப்பா எண்ணெய் வாங்கச் சொன்னியேன்னு கேட்டா, நான் எப்பச் சொன்னேன்னு இன்னொருத்தர் கேப்பாரு. அவ்வளவுதான், குட்டு உடைஞ்சிரும். பேசிக்காத வீடாப் பாத்துத்தான் இது குடியேறுது."

"பேசிக்காத வீடுன்னு அதுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

"நீங்கதான் தினமும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்களே."

படிக்கட்டில் ஜெயபாலன் தொண்டையைச் செருமினான். சுந்தரவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நீரிழிவு அவர் கண்ணையும் தின்றுவிட்டிருந்தது. வெளிச்சமும் நிழலும் தெரியுமே தவிர எழுத்தோ முகமோ தெரியாது. இருந்தாலும் தம்பி உட்கார்ந்திருந்த திசை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் மட்டும் தலை திரும்பவேயில்லை.

எடுக்கும் முறையையும் ஷகிலா சொன்னாள். இது ஒட்டுச்செடி மாதிரி. வெறும் மண்ணில் முளைக்காது. அடியில் அந்த மனிதர் உண்மையாகச் சொன்ன ஏதோ ஒன்று வேராக இருக்கும். அதன்மேல்தான் பொய் ஒட்டியிருக்கும். முதலில் ஒட்டு ஒலிக்கும். குரலுக்குரியவர் இது என்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு வேர் ஒலிக்கும். இது என்னுடையது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சொன்னால் இரண்டும் பிரிந்துவிடும். பாதியில் நிறுத்தினால் முன்னைவிட வேகமாகத் துளிர்க்கும்.

"அதை எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தான் செய்யணுமா?" என்றான் ஜெயபாலன், ஷகிலாவைப் பார்த்து.

"பெட்டியில அழிச்சா மட்டும் போதாது சார். கேட்டவங்க காதுல இருக்குல்ல, அதையும் எடுக்கணும். வெக்கப்படுற மாதிரி ஏதாச்சும் வரும். எல்லா வீட்டுலயும் வரும். போன வாரம் ஒரு வீட்டுல மாமனார் ரகசியமா முடி வளர்ற தைலம் கேட்டிருக்காரு. அத வச்சு மருமக சொன்ன ஏதோ சேதிமேல ஒட்டி, அவ குரல்ல, மாமா உங்களுக்கு வழுக்கை அசிங்கமா இருக்குன்னு போயிருக்கு. அந்தப் பிள்ள ரெண்டு மாசமா ஏன் தான் காபி குடுத்தா மாமா குடிக்கிறதில்லன்னு தெரியாம முழிச்சிருக்கா."

வாசுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் வந்தது எண்ணெய். கூடத்தில் வாசுகியின் குரல், அக்காவின் முழங்காலைப் பற்றி அவ்வளவு அக்கறையாக. நின்றிருந்த வாசுகி, "இது என்னுது இல்ல," என்றாள். வேர் ஒலித்தது: மோட்டரைச் சாயங்காலம் போட்டுக்கொள்வதாக நாலு சொல். "இது என்னுது." ஒன்று பிரிந்தது. அடுத்ததாகச் சுந்தரவேலின் குரலில் தண்ணீர்த் தொட்டி மூடிக்கு ஒரு விளம்பரம். ஜெயபாலனின் குரலில் ஒரு சீட்டு நிறுவனம். ஒவ்வொன்றாக அவர்கள் மறுத்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். ஊசி போடக் கை நீட்டுகிறவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாலும், சொல்லச் சொல்லக் கூடத்தில் ஏதோ இளகியது. மங்கையர்க்கரசி எழுந்துபோய் ஷகிலாவுக்கு மோர் கொண்டுவந்தாள். தட்டில் இன்னும் இரண்டு டம்ளர் இருந்தன. அவற்றைப் படிக்கட்டின் ஓரத்தில் வைத்தாள், யாருக்கு என்று சொல்லாமல்.

அதற்குப் பிறகு வந்தது மங்கையர்க்கரசியின் சொந்தக் குரல்.

"வாசுகிகிட்டச் சொல்லு. அவ நிறத்துக்கு அரக்குக் கலர் ரொம்ப எடுப்பா இருக்கும். பஜார்ல புதுசா ஒரு கடை தொறந்திருக்கான். தீபாவளிக்கு அவளை அங்க போய்ப் பாக்கச் சொல்லு. என் கூடப்பிறந்தவளா இருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."

மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்தாள். படியில் நின்ற வாசுகி உடுத்தியிருந்தது அரக்குச் சேலை. ஷகிலா மேலே போய்க் கூப்பிட்ட பிறகு அவசரமாக மாற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும், மடிப்புக்கூடக் கலையவில்லை.

"சொல்லுங்கம்மா," என்றாள் ஷகிலா.

"இது என்னுது இல்ல."

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். வேர் ஒலித்தது. "மாடியில சொல்லு. செருப்பப் படியில கழட்டிப் போட வேணாம்னு எத்தனை தடவ சொல்றது." அது என்னுது என்று ஒத்துக்கொண்டபோதும் அவள் நிமிரவில்லை. வாசுகி முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டுதான்," என்றாள் ஷகிலா. "ரெண்டும் ஒரே நாள்ல ஒட்டினது. கொஞ்சம் பெருசு. ஏதோ ஆஸ்பத்திரி விளம்பரம்."

மங்கையர்க்கரசி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

சுந்தரவேலின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. மனைவியின் ரத்தம் சேரவில்லை, மஸ்கட்டில் இருக்கும் மகளின் ரத்தமும் சேரவில்லை. இனி இப்படியே ஊசியும் குழாயுமாக ஓடுகிற மட்டும் ஓடும் என்று இருந்தபோதுதான், ஒருநாள் பெட்டி ஜெயபாலனின் குரலில் பேசியது. தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக. மதுரையில் இந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் விசாரித்துவிட்டதாக. அன்று சுந்தரவேல் சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவனா வந்து சொல்லியிருக்கான், மறுக்க வேணாம்," என்றார். பரிசோதனைகளுக்குத் தனித்தனி நாளில் போய்வந்தார்கள். ஆஸ்பத்திரியில் விசாரணையும் தனித்தனியாகத்தான். ரத்தம் சேர்ந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். பெட்டி பாடிய அத்தனையிலும் மங்கையர்க்கரசி கையெடுத்துக் கும்பிட்ட சேதி அது ஒன்றுதான்.

"போதும்மா," என்றாள் அவள். குரல் தன்னுடையதுபோல இல்லை. "எண்ணெய் போயிருச்சுல்ல. மத்தது இருந்துட்டுப் போகட்டும்."

"பாதியில நிறுத்தக் கூடாதும்மா. சொன்னேன்ல."

"எங்களுக்குத் தொந்தரவு இல்ல. இருக்கட்டும்."

"ஓடட்டும்," என்றான் ஜெயபாலன் படியிலிருந்து. அவன் மங்கையர்க்கரசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேராக. "என்னன்னு கேப்போம், மதினி."

ஒலித்தது. கிட்னி ஒன்றைத் தருகிறேன், ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன், அண்ணன்கிட்டச் சொல்லு என்று ஜெயபாலனின் குரல், அவனைவிடத் தெளிவாக. கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. அந்தச் சேதியை அவன் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறான் என்பதைப் பார்த்தவுடனேயே மங்கையர்க்கரசி தெரிந்துகொண்டாள். பக்கத்தில் சுந்தரவேலின் வலது கை நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பற்றியது.

"இது நான் சொல்லல," என்றான் ஜெயபாலன். பிறகு குழப்பத்தோடு, "ஆனா நான் ரத்தம் குடுத்தது நெசம். கையெழுத்துப் போட்டது நெசம். என்னக் கேட்டாங்க, நான் போனேன்."

"யார் கேட்டது?" என்றார் சுந்தரவேல், ஜன்னலைப் பார்த்தபடியே.

ஷகிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலில் இதன் வேரைக் கேட்டுவிடலாம் என்றாள்.

வேர் மெதுவாக ஒலித்தது. யாரும் கேட்டுவிடக் கூடாதென்று பெட்டியின் அருகில் வாயை வைத்துச் சொன்ன குரல். "ஒருத்தருக்குக் கிட்னி குடுக்கணும்னா, குடுக்கிறது யாருன்னு அவருக்குத் தெரியாமக் குடுக்க வழி இருக்கா? கூடப்பிறந்தவங்களா இருந்தாலும்?"

வாசுகி மெல்லப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது," என்று ஆரம்பித்து ஜெயபாலன் நிறுத்தினான். கழுத்துவரை சிவந்துபோயிருந்தான். "நான் தனியாக் கேட்டது. இத எப்படி அது வெளிய..."

"தனியாக் கேட்டதுதான் சார். பெட்டி பொதுவாச்சே," என்றாள் ஷகிலா தணிந்த குரலில். "உங்களுதுதானா?"

"என்னுது."

விளம்பரம் பொய், ஆனால் அடியில் இருந்தது பொய் இல்லை. ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மங்கையர்க்கரசியின் மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. சுந்தரவேலின் தலை, அந்த வருஷங்கள் எல்லாவற்றிலும் முதல் தடவையாக, படிக்கட்டின் பக்கம் திரும்பியிருந்தது. தெரியாத கண்களால் தம்பி இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கணத்தில் அந்தப் பெண் பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டால் போதும்.

ஷகிலா கடைசி ஒட்டைத் தொட்டாள்.

இப்போது சுந்தரவேலின் குரல். "தம்பிகிட்டச் சொல்லு. நானே கேக்கிறேன்னு சொல்லு. எனக்கு உன்ன விட்டா ஆள் இல்லடா. உன்னுதுல ஒண்ணு குடு. கேஸ அடுத்த வாய்தாவுல வாபஸ் வாங்கிடுறேன். மதுரையில நல்ல ஆஸ்பத்திரி, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

ஜெயபாலன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பல தடவை கேட்டு மனப்பாடமான ஒன்றைக் கேட்பவன்போல.

"இது என்னுது இல்ல," என்றார் சுந்தரவேல். ஒவ்வொரு சொல்லாக. "நான் யார்கிட்டயும் கையேந்தல."

"சரி சார். வேர்."

"வேணாம்," என்றார் அவர். சொல்லும்போதே எழுந்திருக்கப் பார்த்தார். "அத ஓட்ட வேணாம்."

ஆனால் அது ஒலிக்கத் தொடங்கியிருந்தது. அதே குரல், டயாலிசிஸ் முடிந்து வந்த மாலைகளில் இருக்கும் வறண்ட, சோர்ந்த குரல். "நான் செத்துட்டாக் கேஸ் விழுந்துருமா? விழாம இருக்க என்ன எழுதி வைக்கணும்? மங்கை பேருக்கு மாத்தி அவள நடத்த வைக்க முடியுமா? அவ மாட்டேன்னாலும் நடக்கிற மாதிரி எழுத முடியுமா? மாடி அவனுக்குப் போகக் கூடாது. நான் இருந்தாலும் சரி, செத்தாலும் சரி, அவன் அதுல நிம்மதியா ஒருநாள் படுக்கக் கூடாது."

பெட்டி நின்றது. தெருவில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் வாசலைக் கடந்து அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

தம்பியைச் சுந்தரவேல் வெறுப்பது மங்கையர்க்கரசிக்குத் தெரியும். தன்னை அந்த வெறுப்புக்கு வாரிசாக எழுதிவைக்க வழி கேட்டார் என்பது தெரியாது. அவ மாட்டேன்னாலும். தினமும் மூன்று வேளையும் உப்பில்லாமல் பொங்கிப் போட்டு, தண்ணீரை அளந்து கொடுத்து, தைத்த கையை இடிக்காமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டிருந்த நாட்களில், இரண்டடி தள்ளியிருந்த பெட்டியிடம் அவர் இதைக் கேட்டிருக்கிறார்.

"சார்," என்றாள் ஷகிலா. "உங்களுதா?"

சுந்தரவேல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார், "என்னுது."

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வீடு சுத்தமாகிவிட்டது.

ஜெயபாலன் எழுந்தான். வேட்டியைத் தட்டிக்கொண்டான். ஷகிலாவைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை நான் மதுரைக்கு வரலன்னு அவர்கிட்டச் சொல்லிருங்க," என்றான்.

"அவரு இங்கதான சார் இருக்காரு."

"நீங்க சொல்லுங்க."

ஷகிலா சொல்லவில்லை. தன் கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தாள். ஜெயபாலன் படியேறிப் போனான். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது; ஓங்கிச் சாத்தவில்லை, மெல்லத்தான் சாத்தினான்.

ஷகிலாவை வழியனுப்ப மங்கையர்க்கரசி வாசல்வரை போனாள். பெட்டியை இனிமேல் உபயோகிக்கலாமா என்று கேட்டதற்கு, உபயோகிக்கலாம், ஆனால் வீடு இப்படியே இருந்தால் மறுபடி வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். திரும்பியபோது வாசுகி நடையில் நின்றுகொண்டிருந்தாள். மேலே போயிருப்பாள் என்றுதான் மங்கையர்க்கரசி நினைத்திருந்தாள்.

"அக்கா," என்றாள் வாசுகி. "அவங்க அண்ணன் கேஸ வாபஸ் வாங்குவாருன்னு எங்க வீட்டுக்காரரு ரத்தம் குடுக்கப் போகல. அது உங்களுக்குத் தெரியணும். நான்தான் வேணாம்னு சண்ட போட்டேன், ரெண்டு பிள்ள இருக்கு, நம்ம உடம்பு என்னாகிறதுன்னு. அதுக்கு அவரு, அண்ணன் எங்கிட்ட வாய்விட்டுக் கேட்டுட்டாருடி, இனி நான் எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு சொல்லி, சின்னப்பிள்ள மாதிரி அழுதாரு. கேட்டதுதான் அவருக்குப் பெருசு. இப்ப அதும் இல்லன்னு ஆகிப்போச்சு."

மங்கையர்க்கரசி அவள் கையைப் பிடிக்கப் போனாள். வாசுகி ஒதுங்கிக்கொண்டாள். "சேலை நல்லாத்தான் இருக்கு. கடைக்காரன் குசும்பு இல்லாமத்தான் குடுத்திருக்கான்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியேறினாள்.

மறுநாள் முழுக்கச் சுந்தரவேல் பேசவில்லை. மங்கையர்க்கரசியும் பேசவில்லை. பெட்டியிடமும் யாரும் பேசவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் நனைந்தது. மாடியிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை, கீழிருந்தும் ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் யாரோ வந்து மோட்டரை அணைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில், வக்கீலிடம் போனில் பேசி முடித்து, கஞ்சியையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டும்போது, ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார் அவர். வக்கீல் சொல்லியிருந்தபடி, வழக்கு நடக்கும்வரை தம்பிக்கு எதுவும் எழுத்தில் சொல்வதென்றால் தபாலில்தான் அனுப்புவார்கள். கடிதம் வீட்டிலிருந்து கிளம்பித் தபால் நிலையம் போய் அதே வீட்டுக்குத் திரும்பி வரும். கண் போனதிலிருந்து அவர் சொல்ல, மங்கையர்க்கரசி எழுதுவாள். அவர் விரலை எடுத்துத் தாளில் வைத்தால், அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

அவள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்புள்ள தம்பி ஜெயபாலனுக்கு," என்று ஆரம்பித்தார். அன்புள்ள என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். "வழக்கை வாபஸ் வாங்கும்படி வக்கீலுக்குச் சொல்லிவிட்டேன். மாடி உன்னுடையது. பெட்டியில் நீ கேட்டது என் பேச்சுத்தான். மறுக்கவில்லை."

அவள் எழுதினாள். எழுத எழுதக் கண் மறைத்தது. அவர் தொடர்ந்தார்.

"இதற்குப் பதிலாக எனக்கு எதுவும் வேண்டாம். நீ வரவில்லை என்று சொன்னது சரி. ஆஸ்பத்திரிக்கும் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்."

மறுக்கவில்லை என்பதோடு பேனா நின்றிருந்தது.

"ஏங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "இதுக்கு மேல எத்தனை நாளைக்கு ஓடும்னு டாக்டர் சொன்னதக் கேட்டீங்கள்ல."

"கேட்டேன்."

"அவரு உங்களுக்குத் தெரியாமக் குடுக்கக்கூட வழி கேட்டிருக்காரு. ஒரு வார்த்த கேட்டுப் பாத்தா என்ன?"

"அந்த வார்த்தையத்தான் நான் கேக்கலன்னு அத்தனை பேர் முன்னால சொல்லிட்டேன். இனிமே கேட்டா அது மாடிக்கு விலை பேசின மாதிரி ஆகும். கேஸ வாபஸ் வாங்கினதுக்குக் கூலி." அவர் கை தலையணையில் அசைந்தது. "கேட்டு வாங்கின உசுர வச்சுக்கிட்டு நான் அவன எப்படிப் பாக்கிறது? நீ எழுது."

"நீங்க போயிட்டா நான் என்ன செய்யிறது? அதயும் எழுதி வச்சிருக்கீங்களா?"

அவர் முகம் சுருங்கிப் போய், ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுது மங்கை," என்றார் மறுபடி. கெஞ்சுவதுபோல இருந்தது. அவர் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை.

அவள் குனிந்து எழுதினாள். பேனா தாளில் ஊரும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது.

"முடிஞ்சுதா? வாசி."

தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். வக்கீலுக்குச் சொன்னதை வாசித்தாள். மாடி உன்னுடையது என்பதை வாசித்தாள். பெட்டியில் நீ கேட்டது என் பேச்சுத்தான், மறுக்கவில்லை. அதுவரை தாளில் இருந்தது, அவர் சொன்னதும் அதுவே. அதற்குக் கீழே தாளில், அவள் கையெழுத்தில், வேறு இரண்டு வரி இருந்தது: 'இதை முடித்துவிட்டுக் கேட்கிறேன், முதலில் கேட்டால் விலையாகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி, வெள்ளிக்கிழமை என்கூட வா.'

"இதற்குப் பதிலாக எனக்கு எதுவும் வேண்டாம்," என்று அவள் வாசித்தாள். "நீ வரவில்லை என்று சொன்னது சரி. ஆஸ்பத்திரிக்கும் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்."

ஒரு இடத்தில்கூடக் குரல் தடுமாறவில்லை. அவர் சொன்ன இடத்தில் நிறுத்தி, அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அவர் சொன்னதுபோலவே வந்தது. தன் தொண்டையிலிருந்து இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் வரும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

"சரியா இருக்கு," என்றார் சுந்தரவேல்.

அவர் விரலை எடுத்து அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

தாளை மடித்து உறைக்குள் வைத்து, விளிம்பில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். பெறுநர் இடத்தில் ஜெயபாலன் பெயரும் வீட்டு முகவரியும், பக்கத்தில் 'மாடி' என்றும் எழுதினாள். அனுப்புநர் இடத்தில் சுந்தரவேல் பெயர், அதே முகவரி. படிக்கட்டைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். மேலே மிதியடிச் சத்தம் கேட்டது. நிற்காமல் போனாள்.

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. விரைவுத் தபாலுக்கு நீட்டிய உறையை ஊழியர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கதவு எண்ணா இருக்கேம்மா. தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்ல. அவங்க மாடி."

"கைல குடுத்தா ஒரு நிமிஷம். இப்படின்னா நாளைக்குத்தான் வரும்."

"பரவால்ல."

அவர் உறையைத் தராசில் வைத்தார். "உள்ள என்ன, டாக்குமெண்டா?"

"எங்க வீட்டுக்காரர் சொன்னதுங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "அவர் சொன்னதுதான்."

ஊழியர் முத்திரை குத்தி, பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்குப்பைக்குள் அதைப் போட்டார்.